பெரியவர்களுக்கான ஈரல் அழற்சி ஏ தடுப்பூசி: திருகோணமலையில் கிடைக்கும் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

உப்புவெளியில் சிறியதொரு விருந்தினர் விடுதியை நடத்திவரும் நான், சமையலறையிலும் அறைகளிலும் வேலை செய்பவர்களுக்கு ஈரல் அழற்சி ஏ (ஹெப்படைட்டிஸ் ஏ) தடுப்பூசியை ஏற்றுவித்த பின்னர் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஊசி ஏற்றப்பட்டது திருகோணமலை நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து மிகச் சிறந்தது, அதை ஏற்றியவர்களின் கவனமும் பாராட்டத்தக்கது, ஆனால் இந்தச் சேவை யாருக்கு அவசரமாகத் தேவையோ அவர்களுடைய வாசல்வரை வருவதில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் செங்கமாரி (மஞ்சள் காமாலை) கண்டதைத் தொடர்ந்து அடுத்தடுத்த வீடுகளிலும் கண்கள் மஞ்சளாகத் தொடங்கியபோதுதான் இதைப் பற்றி விசாரித்தேன். ஈரல் அழற்சி ஏ வைரசு நோயாளியின் மலத்தின் வழியே வெளியேறி, கழுவாத கை, மாசடைந்த கிணற்று நீர், ஐஸ், சமைக்காத சம்பல், வெட்டிவைத்த பழம் ஆகியவற்றின் வழியே இன்னொருவரின் வாய்க்குள் போகின்றது. வைரசு உடலுக்குள் புகுந்து 15 முதல் 50 நாட்கள் வரை, சராசரியாக 28 நாட்கள் வரை, எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். இதைவிடச் சிக்கலானது என்னவென்றால், கண் மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் நோயாளி அதிகமாகத் தொற்றைப் பரப்புகின்றார். சமையல்காரர் ஒருவர் காய்ச்சல் வரும்போல் இருக்கின்றது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் அவருடைய கையில் ஏற்கெனவே நோய் இருக்கின்றது. நோய் தெரிந்த பின்னர் அவரை வீட்டுக்கு அனுப்புவது தேவையானதுதான், என்றாலும் அது காலம் கடந்த நடவடிக்கையே. உணவு கையாளும் இடங்களில் முன்கூட்டியே ஊசி ஏற்றுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு இல்லை என்பது என் கருத்து.

செங்கமாரி சின்னப் பிள்ளைகளின் வருத்தம், வந்து போகும், கீழ்காய்நெல்லியை அரைத்துக் குடித்தால் சரி என்று எங்கள் பக்கத்தில் பலர் இன்னமும் எண்ணுகின்றார்கள். சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் அதில் ஓரளவு உண்மை உண்டு. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று வெளியே தெரியாமலே வந்து போய்விடும், அதன் பின் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்புச் சக்தி நிலைத்திருக்கும். பெரியவர்களில் நிலைமை தலைகீழானது. தொற்றிய பெரியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கண்ணும் தோலும் மஞ்சளாகி வாரக்கணக்கில் படுக்கையில் விழுகின்றார்கள். ஏற்கெனவே ஈரல் பழுதடைந்தவர்களிலும் முதியவர்களிலும் ஈரல் முற்றாகச் செயலிழந்து உயிர் போகும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கின்றது. குழாய் நீரும் மலசலகூட வசதியும் மேம்பட மேம்பட, சிறுவயதிலேயே தொற்றி எதிர்ப்புச் சக்தி பெறுவோரின் தொகை குறைந்து, பாதுகாப்பில்லாமல் வளர்ந்த பெரியவர்களின் தொகை கூடுவது உலகின் பல நாடுகளில் கண்ட போக்கு. இன்று எங்கள் சமையலறைகளில் வேலைக்கு வரும் இருபது வயது இளைஞர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

இனி மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு ஏற்றப்பட்டது செயலிழக்கச் செய்த வைரசால் ஆன தடுப்பூசி. ஹாவ்ரிக்ஸ், அவாக்சிம், வாக்டா என்று உலகச் சந்தையில் பெயர்பெற்றவை அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவையே. உயிருள்ள, வலுவிழந்த வைரசைக் கொண்ட இன்னொரு வகை சீனாவிலும் இந்தியாவிலும் பயன்பாட்டில் இருக்கின்றது, ஆனால் அது கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் ஏற்றதல்ல. செயலிழந்த வகையில் அந்தத் தடை இல்லை, அது உடலுக்குள் நோயை உண்டாக்கவும் முடியாது. முதல் ஊசிக்குப் பின் நான்கு வாரங்களுக்குள் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவில் பாதுகாப்புக்குப் போதிய எதிர்ப்பொருளைப் பெற்றுவிடுகின்றார்கள். இரண்டாவது ஊசி 6 முதல் 12 மாதங்களுக்குள் ஏற்றப்படும், அது பல பத்தாண்டுகளுக்குப் பாதுகாப்பை நீடிக்கச் செய்கின்றது. அர்ஜென்டினா 2005 முதல் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு ஒரேயொரு ஊசியை மட்டும் ஏற்றி நோயை வெகுவாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022 இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில் ஒற்றை ஊசி முறையை ஏற்றுக்கொண்டது. நோய் பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில், கையில் இருக்கும் மருந்தைக்கொண்டு எத்தனை பேருக்கு முதலாவது ஊசியை ஏற்ற முடியுமோ அத்தனை பேருக்கு ஏற்றுவதே அறிவுடைமை என்று இதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

இந்த ஊசியில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர், ஒரே சட்டியில் சாப்பிட்டவர் ஆகியோருக்கும், தொற்று நேர்ந்து 14 நாட்களுக்குள் ஏற்றினால் நோய் வராமல் தடுக்கும் வாய்ப்பு நன்றாக உண்டு. வைரசு மெதுவாக வளர்வதால் ஊசி அதை முந்திக்கொள்கின்றது. நாற்பது வயதைக் கடந்தவர்கள், ஈரல் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோருக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றி வைத்தியர் முடிவுசெய்வார். ஆகவே பரவல் காலத்தில் ஒரு நிலையத்தின் தரத்தை அளக்கும்போது நான் முதலில் பார்ப்பது, தொலைபேசி எடுத்த நாளுக்கும் ஊசி ஏறும் நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் போகின்றது என்பதைத்தான்.

அந்த அளவுகோலில் நான் சென்ற நிலையம் நடுத்தரமான தேர்ச்சியையே பெறுகின்றது. பெரியவர்களுக்கான அளவு கையிருப்பில் இல்லை என்றும், கொழும்பிலிருந்து தருவித்தாக வேண்டும் என்றும், முன்பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் வந்தவுடன் அழைப்பதாகவும் சொன்னார்கள். சொன்னபடி அழைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வீட்டில் நோய் உறுதியான பின் அங்கே உள்ள மற்றவர்களுக்கு இந்தக் காத்திருப்பைத் தாங்கும் அவகாசம் இருக்காது. சுற்றுலாப் பருவம் தொடங்கும் சித்திரை மாதத்துக்கு முன்பும், வடகீழ்ப் பருவமழையில் கிணறுகளும் மலக்குழிகளும் ஒன்றாக நிரம்பும் காலத்துக்கு முன்பும், சிறு அளவு மருந்தையாவது திருகோணமலையிலேயே குளிரூட்டியில் வைத்திருக்க முடியாதா என்று கேட்டேன். கேட்பவர்கள் குறைவு, காலாவதியானால் நட்டம் என்றார்கள். நியாயமான பதில்தான், ஆனால் அந்த நியாயத்தின் விலையை நோயாளிகள் கொடுக்கின்றார்கள்.

ஊசி ஏற்றிய விதத்தில் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். மருந்தை 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும், உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டும். குளிரூட்டியின் வெப்பமானியைக் காட்டும்படி நான் கேட்டபோது தாதி முகம் சுளிக்காமல் கதவைத் திறந்து காட்டினார். மருந்துச் சிமிழைக் குலுக்கி, வெண்மையாகக் கலங்கி வருவதைப் பார்த்த பின்னரே ஊசிக்குள் எடுத்தார். பெரியவர்களுக்குரிய 1440 அலகு மருந்தா, சிறுவர்களுக்குரிய 720 அலகா என்பதைப் பெட்டியில் காட்டி உறுதிப்படுத்தினார். ஹாவ்ரிக்ஸ் வகையில் இந்த இரண்டு அளவும் ஒரே பெயரில் வருவதால் பெட்டியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மூதூரிலிருந்து வந்து எங்கள் சமையலறையில் உதவிக்கு நிற்கும் இளைஞர் ஊசிக்குப் பயந்து தோளை இறுக்கியபோது, “தம்பி, கையைத் தளர விடுங்கோ, இறுக்கினால்தான் நோகும்” என்று பொறுமையாகச் சொல்லி மேற்கையின் தசையில் ஏற்றினார். அதன் பின் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் ஊசி ஏற்றிய இடத்தில் நோவும் சிலருக்குத் தலையிடியும் இருந்தன, அவ்வளவுதான்.

வைத்தியர் கேட்ட கேள்விகளும் பொருத்தமானவை. முன்னர் ஏற்றிய ஊசிகளில் ஒவ்வாமை வந்ததா, ஈரல் நோய் இருக்கின்றதா, மதுப் பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது இப்போது செங்கமாரியா என்று ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி விசாரித்தார். எங்கள் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் மூத்த அம்மா ஒருவர், “எனக்குச் சின்ன வயதிலேயே செங்கமாரி வந்து போயிட்டுது டொக்டர், எனக்கும் ஏன் ஊசி?” என்று கேட்டார். அதற்கு வைத்தியர் சொன்ன விளக்கத்தை இங்கே பதிவுசெய்வது பயன் தரும். செங்கமாரிக்குக் காரணங்கள் பல. ஏ வைரசுதான் அன்று வந்தது என்பதற்குச் சான்று இல்லை. இரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருளைச் சோதித்தால் தெரிந்துவிடும், அது இருந்தால் ஊசி தேவையில்லை, பணமும் மிச்சம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு ஊசி ஏற்றினாலும் தீங்கு எதுவும் இல்லை. சாதாரண காலத்தில் வயதானவர்களுக்குச் சோதனை செய்து பார்ப்பது சிக்கனமானது, ஆனால் அயலில் நோய் பரவும்போது சோதனை முடிவுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தக்கூடாது. அந்த அம்மா சோதனையைத் தெரிவுசெய்தார், எதிர்ப்பொருள் இருந்தது. ஊசியை விற்பதில் மட்டும் குறியாக இருக்கும் நிலையம் இந்த விளக்கத்தைக் கொடுத்திருக்காது.

குறைகளுக்கு வருகிறேன். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழும் சிங்களமும் பேசும் ஒரு நகரத்தில், ஊசி ஏற்றிக்கொள்பவர் தனக்கு விளங்காத தாளில் கையெழுத்திடுவதை நான் ஏற்கவில்லை. வாய்மொழி விளக்கம் நல்ல தமிழில் இருந்தது என்பது இந்தக் குறையைச் சற்றே தணிக்கின்றது. நேரம் இன்னொரு குறை. தடுப்பூசி ஏற்றும் நேரம் பகல் பொழுதில், அதுவும் மதியச் சாப்பாடு பரபரப்பாக இருக்கும் வேளையில் அமைந்திருப்பதால், நாள் கூலிக்கு வேலை செய்பவர் கூலியை இழந்துதான் வர வேண்டும். எங்கள் விடுதியில் அந்த நாளுக்கும் சம்பளம் கொடுத்தோம், எல்லா முதலாளிகளும் அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மாலை ஏழு மணிக்கோ, கடைகள் திறக்கும் முன் விடியற்காலையிலோ ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால் இந்தப் பிரச்சினை பெரிதும் தீரும்.

விலையைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கின்றது. இலங்கையின் தேசிய தடுப்பூசி நிகழ்ச்சித் திட்டத்தில் ஈரல் அழற்சி பி ஊசி கைக்குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் அடங்கியிருக்கின்றது, ஏ ஊசி அடங்கவில்லை. ஆகவே அரச சிகிச்சை நிலையத்தில் பிள்ளைகளின் ஊசிகளைக் காசில்லாமல் பெற்றுப் பழகிய மக்கள் இதற்குத் தங்கள் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டும். சமையல் உதவியாளர் ஒருவருக்கு ஓர் ஊசியின் விலை பல நாட் கூலி, இரண்டு ஊசி என்றால் இரு மடங்கு. குழுவாக வந்தவர்களுக்கு நிலையம் எந்த விலைக் கழிவும் தரவில்லை. விளைவு என்னவென்றால், வரவேற்பறையில் என்னோடு காத்திருந்தவர்களில் பலர் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமானவர்கள், அல்லது என்னைப் போல் தொழிலுக்காகப் பிறருக்குப் பணம் கட்ட முன்வந்தவர்கள். மலக்குழியைத் துப்புரவாக்கும் தொழிலாளி ஒருவரைக்கூட நான் அங்கே காணவில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று எண்ணிப் பார்த்தால் திருகோணமலையில் முகங்கள் கண்முன் வருகின்றன. பருவத்துக்குப் பருவம் வேறு ஊர்களிலிருந்து வந்து கடற்கரை வாடிகளில் மலசலகூடம் இல்லாமல் தங்கும் கடற்தொழிலாளர்கள் இருக்கின்றார்கள். கழிவுநீர் பவுசரில் வேலை செய்வோரும் வடிகால் துப்புரவாக்குவோரும் இருக்கின்றார்கள். பேருந்து நிலையத்தின் ஓரத்திலும் கோயில் வீதியிலும் படுத்துறங்குவோர், போதைப்பொருளில் சிக்கி ஒரே இடத்தில் நெருங்கி வாழ்வோர், சிறையில் இருப்போர் ஆகியோரும், மதுவாலோ கொழுப்பாலோ பி வைரசாலோ ஈரல் ஏற்கெனவே பழுதானவர்களும் இதில் அடங்குவர். கடைசியாகச் சொன்னவர்களின் நிலையை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகின்றார்கள், அவர்களைத் தேடிப்போக வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் இந்த ஊசியைப் பற்றி ஒருவரும் தங்களிடம் சொன்னதில்லை என்று நான் பேசிப்பார்த்த ஈரல் நோயாளிகள் கூறினார்கள்.

இப்படிப்பட்ட பெரியவர்களைச் சென்றடைவது முடியாத காரியம் அல்ல என்பதை அமெரிக்காவின் சான் டியாகோ நகரம் காட்டியிருக்கின்றது. 2016 இன் இறுதியில் அங்கே தொடங்கிய பரவல் வீடற்றவர்களையும் போதைப்பொருள் பாவிப்போரையும் பெருமளவில் தாக்கியது. 592 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள். 2017 செப்டெம்பரில் அவசரநிலையை அறிவித்த பின்னர், தாதியர் குளிர்ப்பெட்டியோடு தெருக்களுக்கும் தங்குமிடங்களுக்கும் நடந்துபோய், படுத்திருந்தவர்களின் பக்கத்தில் குந்தியிருந்து பேசி ஊசி ஏற்றினார்கள். தெருவோரத்தில் கை கழுவும் தொட்டிகள் வைக்கப்பட்டன, நடைபாதைகள் குளோரின் கரைசலால் கழுவப்பட்டன. அதே காலத்தில் தொடங்கி 37 மாநிலங்களுக்குப் பரவிய நோயில் ஏறத்தாழ 45,000 பேர் பாதிக்கப்பட்டு 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடற்ற நிலையே ஊசிக்குப் போதிய காரணம் என்று அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2018 இல் பரிந்துரைத்தது. ஊசியை நிலையத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரும்வரை காத்திருந்தது அங்கே பலனளிக்கவில்லை என்பதுதான் இதில் எங்களுக்கு உரிய செய்தி.

எங்கள் மக்களுக்கு இந்த நோய் புதியதும் அல்ல. 2009 இல் வவுனியா மெனிக்பாம் முகாம்களில் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்தவர்களிடையே ஈரல் அழற்சி ஏ பெருமளவில் பரவியதை அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றார்கள். வெருகலிலும் மூதூரிலும் மகாவலி பெருக்கெடுத்து மக்கள் பாடசாலைகளில் தங்கும் ஒவ்வொரு மாரியிலும் அதே நிலைமைகள் சிறிய அளவில் திரும்பி வருகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் போடுகின்றார்கள், உணவுக் கடைகளைப் பரிசோதிக்கின்றார்கள், அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இது இருப்பதால் நோயாளியின் வீட்டுக்கும் வருகின்றார்கள். அந்த வருகையின்போதே, வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்களுக்கு 14 நாட்களுக்குள் ஊசி ஏற்றும் ஏற்பாடும் கூடவே வந்தால் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்! தனியார் நிலையங்களும் வணிகர் சங்கமும் விடுதி உரிமையாளர்களும் சேர்ந்து மொத்தமாக மருந்தை வாங்கினால், கூலித் தொழிலாளர்களுக்குப் பாதி விலையிலாவது கொடுக்க முடியும் என்று நம்புகிறேன். என் பங்குக்கு அதற்கு நான் ஆயத்தம்.

ஊசி ஏற்றியதால் சமையலறை ஒழுங்கைத் தளர்த்தலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. செங்கமாரியை உண்டாக்கும் ஈரல் அழற்சி ஈ வைரசையோ நெருப்புக் காய்ச்சலையோ (டைபாயிட்) இந்த ஊசி தடுக்காது, அவையும் அதே நீர்வழியேதான் வருகின்றன. அற்ககோல் கலந்த கை திரவம் ஏ வைரசுக்கு எதிராக நம்பத்தக்கதல்ல, சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் தேவை. ஐஸாக உறைய வைத்தாலும் வைரசு சாகாது. 85 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் சூடாக்கினால் அழியும், மட்டி போன்றவற்றுக்கு அதைவிடக் கூடிய நேரம் வேண்டும். 1988 இல் ஷாங்காய் நகரில் அரைகுறையாக வெந்த மட்டியை உண்டு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நோயுற்றார்கள். குடாவில் எடுக்கும் மட்டியை நன்றாகக் கொதிக்க வைத்துக் குழம்பாக்கும் எங்கள் ஊர் வழக்கம் இந்த விடயத்தில் காப்பாற்றுகின்றது, அதைச் சுற்றுலாப் பயணிகளின் சுவைக்காக மாற்ற வேண்டாம் என்று எங்கள் சமையல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மொத்தத்தில் மருந்துக்கு ஐந்தில் ஐந்து, ஏற்றிய விதத்துக்கு ஐந்தில் ஐந்து, கிடைக்கும் வேகத்துக்கு மூன்று, எட்டக்கூடிய விலைக்கும் நேரத்துக்கும் ஒன்று என்று மதிப்பிடுகிறேன். அழைத்துக் கேட்பவர்கள், பெரியவர்களுக்கான அளவு இப்போது கையிருப்பில் இருக்கின்றதா, இல்லையென்றால் எந்த நாளில் வரும், வீட்டில் நோயாளி இருப்பதால் முன்னுரிமை தருவீர்களா என்ற மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். ஊசி ஏற்றியதும் மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், திகதி மூன்றும் எழுதிய அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் பருவ வேலைக்கு வருபவர்கள் இரண்டாவது ஊசிக்குரிய மாதத்தில் மன்னாரிலோ மலையகத்திலோ இருக்கக்கூடும். அந்த அட்டை கையில் இருந்தால் எந்த ஊரிலும் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொள்ளலாம், செயலிழந்த வைரசு வகையில் வேறு நிறுவனத்தின் மருந்தாக இருந்தாலும் பரவாயில்லை, காலம் பிந்திவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.